முப்பத்தாறு ரொட்டி

இல்தூர் மலையடிப் பாசறை
அறுவடை மாதம், தேய்பிறை இரண்டு

அன்புள்ள தங்கை அரிஷாத்துக்கு, அண்ணன் கெர்சகோன் எழுதுவது.

நான் நலம். உன் கணவனும் நலம். இந்த இரண்டாவது வாக்கியத்தை எழுதிவிட்டு வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது முழுக்க உண்மை இல்லை. ஆகவே நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். வரிசை தவறினால் எனக்கே குழம்பிவிடும்.

இரண்டு மாதமாக நம் கார்த்தேஜ் படை இந்த இல்தூர்க் கோட்டையை வளைத்து நிற்பது உனக்குத் தெரியும். உங்கள் தீவிலிருந்து வந்த கவண்காரர்களுக்கு உன் கணவன் தவ்ரான் தலைவன். அவர்களுக்கு ரொட்டியும் மதுவும் அளந்து கொடுக்கும் எழுத்தன் நான். ஒரே பாசறையில் இருந்தாலும் நாங்கள் அவசியத்துக்கு மேல் பேசிக்கொள்வதில்லை. காரணத்தை நான் எழுத வேண்டியதில்லை.

பௌர்ணமியன்று காலை நம் மரக்கோபுரத்தை மதிலை நோக்கித் தள்ளினார்கள். மதில்மேல் எவனும் தலை காட்டாதபடி கல் எறிவது உன் கணவனுடைய ஆட்களின் வேலை. அப்போது மதில்மேலிருந்து முப்பத்தாறு கம்பங்கள் வெளியே நீண்டன. ஒவ்வொன்றின் நுனியிலும் கயிற்றில் ஒரு ரொட்டி.

உங்கள் தீவில் தாய்மார் ரொட்டியைக் கம்பத்தில் மாட்டிவிட்டு, கவணால் அடித்து வீழ்த்தும்வரை பிள்ளைக்குச் சாப்பாடு போடுவதில்லை என்பதை இல்தூர்க்காரர்களுக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

நான் பின்னால் நின்று எல்லாவற்றையும் பார்த்தேன். முதலில் யாரும் அசையவில்லை. பிறகு ஒருவன் தலையில் கட்டியிருந்த நெடுங்கவணை அவிழ்த்தான். அவ்வளவுதான். மூன்று மூச்சுக்குள் முப்பத்தாறும் விழுந்தன. ரொட்டி உடையக் கூடாது என்று கயிற்றைத்தான் அடித்தார்கள். பிறகு எல்லோரும் மதிலடிக்கு ஓடி, உட்கார்ந்து, பங்கு போட்டுச் சாப்பிட்டார்கள். பக்கவாசல் திறந்தது. எதிரிகள் வந்து கோபுரத்தைக் கொளுத்திவிட்டுப் போனார்கள். ஒன்பது பேருக்குத் தீக்காயம்.

இத்தோடு முடிந்திருந்தால் கசையடியோடு போயிருக்கும். மறுநாள் உபதளபதி சகர்பால் அவர்களை மறுபடியும் வரிசையில் நிறுத்தினார்.

"எறிங்கடா!"

"முடியாதுங்க," என்றான் தவ்ரான். "அவங்க மாட்டுன ரொட்டிய சாப்ட்டாச்சு. ரொட்டி மாட்டுன கை மேல கல்லெறிஞ்சா, பெத்தவ மேல எறிஞ்ச மாதிரி."

"அவனுங்க உங்கள ஏமாத்தினானுங்கடா!"

"எங்கம்மாவும்தாங்க ஏமாத்துவா. பாதி நாள் பழைய ரொட்டியத்தான் மாட்டுவா."

தளபதியின் தீர்ப்பு இது. அமாவாசைக்குள் அவர்கள் கவண் எடுக்காவிட்டால், தவ்ரானின் வலது கைப் பெருவிரல் வெட்டப்படும். பிறகு நாளுக்கு ஒருவனாக மற்றவர்களுக்கும். அதுவரை தவ்ரான் காவலில் இருப்பான். பெருவிரல் இல்லாதவன் கவணைப் பிடிக்க முடியாது என்பதை நான் உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

மற்ற ஆட்கள் எல்லோரும் ஒரு பைன் மரத்தடியில் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மாட்டோம் என்கிறார்கள். இந்த ரொட்டிக் கட்டுப்பாட்டிலிருந்து விடுபட உங்கள் ஊரில் ஏதாவது வழி உண்டா? பெரியவர்களைக் கேட்டு எழுது. உப்புப் படகுக்காரன் ஷில்லெக் காத்திருக்கிறான்.

கெர்சகோன்


தேய்பிறை ஐந்து

அண்ணா,

உடைந்த மதுச்சாடி ஓட்டில் எழுதுகிறேன். சின்ன ஓடு. மரியாதைக்கெல்லாம் இடமில்லை.

உன் கடிதத்தைக் கிணற்றடியில் வாசித்தேன். என் நாத்தனார் மெசுலா, விரல் விஷயம் வரைக்கும் என்னை வரவே விடவில்லை.

"எத்தன ரொட்டி விழுந்துச்சு?"

"முப்பத்தாறு."

"மாட்டுனது எத்தன?"

"முப்பத்தாறு."

"கயித்தையா அடிச்சானுங்க?"

எல்லோரும் கை தட்டினார்கள். ஒருத்தி மது கொண்டுவந்தாள். "அடியே, அவரு விரல வெட்டப் போறாங்கடி!" என்று கத்தினேன். "அது கெடக்கட்டும், நெசமா கயித்தையா?" என்கிறாள். இவர்களோடு இருபத்திரண்டு வருஷம் நான் எப்படிக் குடும்பம் நடத்துகிறேன் என்று நீ ஒருநாளாவது நினைத்துப் பார்த்ததுண்டா?

வழி கேட்டேன். ஐந்து பேர் ஐந்து விதமாகச் சொல்கிறார்கள். ஒருத்தி கடலில் முழுக வேண்டும் என்கிறாள். ஒரு கிழவர் ஏழு வருஷம் காத்திருந்தால் தானாகத் தீர்ந்துவிடும் என்கிறார். ஏழு வருஷமாம்! மற்ற மூன்றையும் எழுதினால் ஓட்டுக்குக் கேவலம்.

இப்போது நான் கேட்கிறேன். நரைத்த தலையோடு இருப்பவர்கள் எதற்கு ரொட்டிக்கு ஓடினார்கள்? அடித்தது பழக்கம். சரி. ஓடிப்போய் எதிரியின் காலடியில் உட்கார்ந்து தின்றது பழக்கம் இல்லை. அது பசி. என் வீட்டுக்காரர் பட்டினி கிடந்திருக்கிறார். பாசறையில் ரொட்டி அளப்பது யார்?

வரிசையாகச் சொல்கிறேன் என்று ஆரம்பித்து, வரிசையில் ஓர் இடத்தைத் தாண்டிப் போயிருக்கிறாய். சின்ன வயதில் தேன் திருடியபோதும் இப்படித்தான் சொன்னாய்.

அரிஷாத்


பாசறை
தேய்பிறை எட்டு

அரிஷாத்துக்கு,

தேனைத் திருடவில்லை. மூடி சரியாக இருக்கிறதா என்று பார்த்தேன். அது இப்போது முக்கியமில்லை.

நீ கேட்டதற்குப் பதில் எழுத நான்கு முறை தொடங்கினேன். மூன்று தாள் வீணானது. இந்தத் தாளுக்குப் பிறகு என்னிடம் இரண்டுதான் இருக்கின்றன. ஆகவே எழுதிவிடுகிறேன்.

கவண்காரர் பட்டியலில் அறுபத்திரண்டு பெயர். பௌர்ணமிக்கு மூன்று நாள் முன்பு நான் எண்ணியபோது தலைகள் அறுபது. எண்ணிக்கை பொருந்தும்வரை ரொட்டி கொடுப்பதில்லை என்பது என் முறை. நாற்பது வருஷமாக அப்படித்தான். தவ்ரான் என்னிடம் வந்து, "அந்த ரெண்டு பேர் காய்ச்சல்ல கெடக்கறானுங்க மச்சான், வைத்தியன் கூடாரத்துல" என்று சொன்னான். நான், "வைத்தியன் கிட்ட ஓலை வாங்கிட்டு வாங்க" என்று சொன்னேன். வைத்தியனுக்கு எழுதத் தெரியாது. ஆள் ஓடி, எழுதித் தர ஆள் தேடி, மூன்று நாள் போயிற்று. அந்த மூன்று நாளும் ரொட்டி என் முத்திரைக்குள் பத்திரமாக இருந்தது.

நான்காம் நாள் காலையில் கொடுக்கலாம் என்று இருந்தேன். அந்தக் காலையில்தான் மதிலில் ரொட்டி தொங்கியது.

இதைத் தளபதியிடம் சொல்ல வேண்டும் என்பது எனக்குத் தெரியும். முந்தாநாள் அவர் கூடாரம் வரைக்கும் போனேன். காவலன் "என்ன விஷயம் பெரியவரே?" என்று கேட்டான். "நேரம் என்ன ஆச்சுன்னு கேக்க வந்தேன்," என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டேன். நேற்றும் போனேன். அதே காவலன். நான் வாயைத் திறப்பதற்குள் அவனே நேரத்தைச் சொல்லிவிட்டான்.

தவ்ரானிடமும் சொல்லவில்லை. காவலில் இருக்கிறவனைப் பார்க்கப் போனேன். சங்கிலியோடு உட்கார்ந்து கறுப்பு நாணலில் புதுக் கவண் பின்னிக்கொண்டிருந்தான். "கைக்கு வேல வேணுமில்ல மச்சான். இன்னும் ஏழு நாள்தான வேல செய்யும்," என்றான். நான் கயிற்றின் நீளத்தைப் பற்றி ஏதோ பேசிவிட்டு வந்துவிட்டேன்.

இதைப் படித்து நீ என்ன சொல்வாய் என்று தெரியும். சொல். ஆனால் ஏதாவது வழி இருந்தால் அதையும் சேர்த்துச் சொல்.

கெர்சகோன்


தேய்பிறை பதினொன்று

அண்ணா,

இந்த முறை முழுச் சாடியை உடைத்திருக்கிறேன். அதில் மது இருந்தது. உன்னால்தான்.

மூன்று நாள்! ஓலைக்காக! உன் எதிரில் நிற்பது உன் தங்கை புருஷன். அவர் வாயால் சொன்னது போதாது, எழுதத் தெரியாத வைத்தியன் எழுதித் தர வேண்டும், அப்படித்தானே? கல்யாணத்தில் நடந்ததற்கு இருபத்திரண்டு வருஷம் கழித்துப் பழி வாங்கினாயா என்றுகூட நினைத்தேன். பிறகு, அவ்வளவு தைரியம் உனக்கு ஏது என்று தோன்றியது.

அந்தக் கல்யாணம் எனக்கும் நினைவிருக்கிறது. மாப்பிள்ளை வீட்டுக்கு வருகிற மச்சானும் ஒரு ரொட்டியை அடித்து வீழ்த்த வேண்டும் என்பது வேடிக்கைக்குச் செய்வது. நீ ஒன்பது கல் எறிந்தாய். எட்டு காற்றில் போயிற்று, ஒன்பதாவது மெசுலாவின் ஆட்டு மேல் பட்டது. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நீ சாப்பிடாமல் படகேறிப் போனவன்தான், இன்றுவரை இந்தக் கரையில் கால் வைக்கவில்லை. அந்த ஆடு செத்துப் பதினெட்டு வருஷம் ஆகிறது. உன் கோபம் மட்டும் உயிரோடு இருக்கிறது.

அதை விடு. தளபதியிடம் போய் அழுது ஒப்புக்கொள்ளாதே. நீ ஒப்புக்கொண்டால் அவர் விரல் தப்புமா? நீயும் சேர்ந்து அடி வாங்குவாய். எனக்குக் கட்டுப் போட இரண்டு ஆள்.

வழி கிடைத்துவிட்டது. நேற்று எங்கள் ஊர் வட்டக் கோபுரத்தடியில் தாய்மார் எல்லோரும் கூடினார்கள். தீர்ப்பு இது. கவணால் வாங்கிய ரொட்டியைக் கவணாலேயே திருப்பிக் கொடுக்க வேண்டும். முப்பத்தாறு வாங்கினால் முப்பத்தாறு. புது மாவில் சுட்டது, முழுசு. மதிலுக்கு உள்ளே விழ வேண்டும். விழுந்துவிட்டால் கை விடுதலை. இது ஆதி காலத்திலிருந்து இருக்கிற வழக்கமாம். தாய்மார் சொன்னது என்று அவரிடம் அப்படியே சொல். மறுபேச்சுப் பேச மாட்டார்.

நீயும் பேசாதே. கேள்வி கேட்காதே. மாவை எடு.

அரிஷாத்


பாசறை
தேய்பிறை பதினான்கு, மாலை

அரிஷாத்துக்கு,

உன் ஓடு மதியம் வந்தது. நாளை அமாவாசை. இதற்கு நீ பதில் எழுதி அது இங்கே வருவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். ஆனாலும் எழுதாமல் யோசிக்க எனக்குத் தெரியாது.

எனக்குச் சில சந்தேகங்கள். மாவு கோதுமையா வாற்கோதுமையா என்று தீர்ப்பில் இல்லை. அவர்கள் மாட்டியது வாற்கோதுமை. எடை குறிப்பிடப்படவில்லை. கூடியிருந்த தாய்மார் எத்தனை பேர், யார் யார் என்ற விவரமும் இல்லை. மூன்று பேருடைய அடையாளமாவது இருந்திருந்தால் தளபதியிடம் காட்டியிருப்பேன்.

காட்டவும் முயன்றேன். சகர்பாலிடம் சொன்னேன். "முப்பத்தாறு ரொட்டியா? பகையாளிக்கா? வெளியில நிக்கறவனுக்கே மாவு பத்தல, யோவ்!" என்று கத்தினார். அவர் சொல்வது சரிதான். களஞ்சியத்தில் இன்னும் ஆறு நாளுக்குத்தான் இருக்கிறது. என்னைத் தவிர அது தளபதிக்கும் அவருக்கும் மட்டுமே தெரியும்.

தவ்ரானிடமும் சொன்னேன். "ஆதி காலத்து வழக்கமா? நான் கேள்விப்பட்டதில்லையே," என்றான். பிறகு, "தாய்மார் சொன்னாங்கன்னா சரி. ஆனா மச்சான், ரொட்டி கல்லு மாதிரி போவாது. காத்து புடிச்சுக்கும். கெட்டியா, உருண்டையா, நம்ம பெரிய கல்லு எடைக்குச் சுட்டுத் தந்தீங்கன்னா எறியலாம்," என்றான்.

எடை என்று அவன் சொன்னதும் என் மனம் சற்றுத் தெளிந்தது. எடை போட எனக்குத் தெரியும்.

களஞ்சியத்து முத்திரையைத் தளபதி சொல்லாமல் உடைத்தால் என்ன தண்டனை என்பதை நானே என் கையால் எழுதிக் கதவில் ஒட்டியிருக்கிறேன். நல்ல கையெழுத்து. தூரத்திலிருந்தே படிக்கலாம்.

தராசை எடுத்துக்கொண்டேன். மீதியை, எழுத முடிந்தால், எழுதுகிறேன்.

கெர்சகோன்


அத்தி மாதம், வளர்பிறை இரண்டு

அண்ணா,

ஷில்லெக் வெறும் படகோடு வந்தான். கடிதம் இல்லை என்கிறான். "ஏறும்போது பெரியவர் அடுப்படியில இருந்தாரு, மூஞ்சியெல்லாம் மாவு, பேசவே இல்ல," என்கிறான். அடுப்படியில் நீயா?

எழுதி முடித்ததை அவனிடம் கொடுக்க மறந்திருப்பாய். எனக்குத் தெரியும் உன்னை. விரல் இருக்கிறதா இல்லையா? ஒரே ஒரு சொல் போதும். முன்னுரை வேண்டாம். வரிசை வேண்டாம்.

மெசுலா மூன்று நாளாக ரொட்டி சுடவில்லை. தம்பிக்கு விரல் போனால் தானும் கம்பத்தில் இனி எதுவும் மாட்ட மாட்டேன் என்கிறாள். என்னிடம் மட்டும் கத்துகிறாள்.

எழுது.

அரிஷாத்


பாசறை
அத்தி மாதம், வளர்பிறை ஐந்து

அரிஷாத்துக்கு,

இருக்கிறது.

நீ கேட்டபடி அதை முதலில் எழுதிவிட்டேன். இனி வரிசையாக. முந்தைய கடிதத்தையும் இத்துடன் வைத்திருக்கிறேன். ஷில்லெக்கிடம் கொடுக்க மறந்தது உண்மைதான்.

முத்திரையை உடைத்து மாவு எடுத்தேன். உங்கள் ஊர் ஆட்கள் இருவர் பிசைந்தார்கள். பெரிய கவண்கல் ஒன்றைத் தராசின் ஒரு தட்டில் வைத்து, மறுதட்டில் ஒவ்வொரு உருண்டையாக நிறுத்தேன். வெந்தால் எடை குறையும் என்பதால் அதற்கும் கணித்துச் சேர்த்தேன். ஏழு உருண்டைகள் சரியில்லை என்று திருப்பிப் பிசையச் சொன்னேன். "விடிஞ்சிடும் பெரியவரே!" என்று கெஞ்சினார்கள். நான் விடவில்லை.

தவ்ரானைக் காவலிலிருந்து கொண்டுவர நான் ஒரு பொய் சொன்னேன். அன்றிரவு அங்கே நின்றதும் அந்தக் கூடாரக் காவலன்தான். அவனிடம், "தளபதி கூப்பிடறாரு," என்றேன். அவன் நேரத்தைச் சொல்லிவிட்டுச் சங்கிலியை அவிழ்த்தான்.

விடிந்ததும் முப்பத்தாறு பேர் மதிலுக்கு எதிரே நின்றார்கள். நெடுங்கவண்கள் மூன்று சுற்று சுற்றின. ரொட்டிகள் மதிலைத் தாண்டிப் போயின. முப்பத்தைந்து உள்ளே விழுந்தன. ஒன்று மதில்முகட்டில் தட்டி நின்றது. மதில்மேலிருந்து ஒரு கை நீண்டு அதை எடுத்துக்கொண்டது.

"போச்சு. உள்ள போச்சு," என்றான் தவ்ரான். இடுப்பில் கட்டியிருந்த குறுங்கவணை அவிழ்த்து, ஒரு கல்லை வைத்துக்கொண்டு வரிசையில் நின்றான். "இப்ப சொல்லச் சொல்லுங்க மச்சான், எறியறோம்."

சொல்ல வந்தவர் சகர்பால்தான். ஆனால் வேறு எதையோ சொன்னார்.

"களஞ்சியத்த எவன்யா தொறந்தது?"

நான் என் குரலைக் கேட்டேன். அது என் குரல் என்று தெரிய சற்று நேரமாயிற்று. "நான்தான். பௌர்ணமிக்கு முன்னாடி மூணு நாள் இவங்களுக்கு ரொட்டி தராம வச்சிருந்ததும் நான்தான்," என்றேன். ஒப்புக்கொள்ளாதே என்று நீ எழுதியது நினைவிருந்தது. மன்னித்துக்கொள். ஒன்றைச் சொன்னதும் மற்றதும் கூடவே வந்துவிட்டது.

என்னை இழுத்துக்கொண்டு தளபதியிடம் போனார்கள். நேரம் கேட்க அவசியம் இருக்கவில்லை. தளபதி இரண்டையும் கேட்டுவிட்டு, என் விரல்கள் இரண்டை வெட்ட வேண்டியிருக்கும் என்றார். அப்போதுதான் கொம்பு ஊதும் சத்தம் கேட்டது. இல்தூரின் வாசல் திறந்து மூன்று பெரியவர்கள் வந்தார்கள். ஒருவர் கையில் நான் நிறுத்துச் சுட்ட ரொட்டி.

"ரெண்டு மாசமா உங்களுக்குச் சோறு தீந்துடும்னு காத்திருந்தோம்," என்றார் அவர். "கம்பத்துல மாட்டுனதுதான் எங்ககிட்ட இருந்த கடைசி ரொட்டி. நீங்க புது ரொட்டிய கல்லு மாதிரி வீசறீங்க. பனிக்காலம் முழுக்க உக்காருவீங்கன்னு புரிஞ்சுபோச்சு. பேசலாம்."

களஞ்சியத்தில் அன்று மீதி இருந்தது ஐந்து நாளுக்கு. தளபதி என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். கோட்டை நமக்கு, அவர்கள் உயிருக்கும் வீட்டுக்கும் சேதமில்லை, இருபது பிணையாளிகள் என்று மாலைக்குள் பேசி முடித்தார்கள்.

இரவு சாப்பாட்டுக்கு முன் தளபதி தீர்ப்புச் சொன்னார். கவண் எடுத்தாயிற்று, ஆகவே தவ்ரானுக்குத் தண்டனை இல்லை. எனக்கு, "ரொட்டிய வச்சுக்கவும் தெரியல, கொடுக்கவும் தெரியல. உன்ன வச்சுட்டு நான் என்னய்யா பண்றது? வீட்டுக்குப் போ." நாற்பது வருஷ வேலை. என் தராசை மட்டும் எடுத்துக்கொள்ள விட்டார்கள்.

மூன்று நாள் பட்டினியைப் பற்றித் தவ்ரானிடம் தனியாக மன்னிப்புக் கேட்கப் போனேன். அவன் சிரித்தான். "அது எல்லாருக்கும் அன்னைக்கே தெரியும் மச்சான். பசங்க உங்களயே கவண்ல வச்சு எறியறேன்னானுங்க. நான்தான், அந்தாளு எங்க வீட்டுக்காரி அண்ணன், அவ என்ன உயிரோட விடமாட்டான்னு சொல்லித் தடுத்தேன்."

அவனும் ஆட்களும் ஏழு நாளில் புறப்படுவார்கள். நான் எபுசுத் தீவுத் துறைமுகத்தில் ஓர் அறை எடுத்துத் தங்கலாம் என்றிருக்கிறேன். அந்தத் தாய்மாருக்கு என் வணக்கத்தைச் சொல். எத்தனை பேர் கூடியிருந்தார்கள் என்பதை இப்போதாவது எழுது.

கெர்சகோன்


அத்தி மாதம், தேய்பிறை ஒன்று

அண்ணா,

வந்துவிட்டார். பத்து விரலோடும், சம்பளத்துக்கு வாங்கிய ஆறு சாடி மதுவோடும். ஒன்றை உடைத்து இதை எழுதுகிறேன். இந்த முறை காலிச் சாடி.

வந்ததும் வராததுமாக என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "ஏண்டி, ரொட்டிய திருப்பி எறியற வழக்கம் நம்ம ஊர்ல எப்பலேர்ந்து?" என்று கேட்டார். "போன தேய்பிறையிலேர்ந்து," என்றேன். கோபுரத்தடியில் எத்தனை தாய்மார் கூடினார்கள் என்று கேட்டாயே? ஒருத்தி. அது நான்தான். அந்தக் கிழவருடைய ஏழு வருஷத்துக்கு என்னால் காத்திருக்க முடியவில்லை. மெசுலாவிடம் சொன்னபோது அவள் அசரவில்லை. "நீயும் ரெண்டு புள்ள பெத்தவதான. தாய் சொன்னா தாய் சொன்னதுதான்," என்று சொல்லிவிட்டாள். நேற்று அதையே ஆதி காலத்து வழக்கம் என்று யாரிடமோ சத்தியம் செய்துகொண்டிருந்தாள்.

நீ எபுசுத் துறையில் அறை எடுத்திருக்கிறாயாம். ஷில்லெக் சொன்னான். சமைக்கத் தெரியாத கிழவனுக்கு அறை எதற்கு? முப்பத்தாறு ரொட்டி சுட்டவன் என்று இங்கே உனக்கு ஒரு பெயர் வந்திருக்கிறது. அதைக் கெடுத்துக்கொள்ளும் முன் வந்துவிடு. ஷில்லெக் உன்னை ஏற்றாமல் இந்தக் கரைக்கு வரக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன்.

உனக்கான ரொட்டியை இன்று காலை கம்பத்தில் மாட்டிவிட்டேன். நீ வரும்வரை நாளுக்கு ஒன்று மாற்றுவேன். வழக்கத்தை உனக்காக மாற்ற முடியாது, நீயே அடித்துத்தான் எடுக்க வேண்டும் என்று மெசுலா நிற்கிறாள். ஒன்பது கல்லும் பொறுக்கி வைத்துவிட்டாள். ஆடுகளை மட்டும் மலைக்கு ஓட்டிவிட்டோம்.

கம்பத்துக்குப் பின்னால் ஏணி சாத்தி வைத்திருக்கிறேன். அதை யாரும் பார்க்க மாட்டார்கள்.

அரிஷாத்